கத்தரித்துப் போட்ட ஒன்பது அடி

நிழலைப் படம் எடுப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மூக்கு சப்பையாக வந்துவிட்டது, கழுத்து மடிந்து தெரிகிறது என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இந்த நம்பிக்கையில்தான் நான் அந்தக் கலையில் இறங்கினேன். கலை என்பது என் சொல். என் கணவர் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்.

2006-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் அண்ணன், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் மாதம் வீட்டு மனிதர்களை எடுத்தேன். நாத்தனார் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களுக்கு எம்மேல எதனா கோவமா?" என்று கேட்டாள். கணவர் தன் தொப்பையைப் பார்த்துவிட்டு, கேமராவில் ஏதோ கோளாறு, அண்ணனிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனி மனித மூஞ்சியையே எடுப்பதில்லை என்று சபதம் போட்டேன். மறுநாள் காலை மொட்டை மாடிக்குப் போய், கொடியில் காய்ந்த துணிகளின் நிழலை எடுத்தேன். ஒரு துணியும் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து பிடித்தது.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கீழ வீதி நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். வெயில் ஏறிவிட்டால் நிழல் காலுக்கடியில் பதுங்கிக்கொள்ளும். காலையிலும் மாலையிலும்தான் அது நீட்டி நிமிர்ந்து படுக்கும். சேலை கட்டிய நாற்பது வயதுப் பெண்ணொருத்தி தரையைப் பார்த்துக் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? ரோட்டை அகலப்படுத்த ஆள் வந்துவிட்டது என்று நினைத்து, ஒரு டீக்கடைக்காரர் வெளியே போட்டிருந்த பெஞ்சை அவசரமாக உள்ளே இழுத்தார். நான் எடுக்க வந்த நிழலும் பெஞ்சோடு உள்ளே போய்விட்டது.

கரும்பு ஜூஸ் பிழிகிறவர் ஒருவரிடம், "உங்க நிழல ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டேன். "இருங்க மேடம்" என்று சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரி, முகத்தைத் துடைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். தரையில் கறுப்பாகக் கிடக்கிற உருவத்தில் சிரிப்பு எங்கே தெரியப் போகிறது? ஆனால் அடுத்த வாரம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "சிரிச்ச மாரியே வந்துருக்கு மேடம்" என்று மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டார். அவருக்கு இருந்த ரசனை என் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

எடுப்பது பாதி வேலைதான். மீதி வேலை கத்தரிப்பதில் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மவுஸால் கட்டம் போட்டு வேண்டாததையெல்லாம் வெட்டுவேன். நானே எனக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். நிழல் இருக்கிற படத்தில் நிழலுக்குச் சொந்தக்காரர் இருக்கக் கூடாது. ஒரு செருப்பு நுனி தெரிந்தாலும் அது எனக்குத் தோல்வி. கால், கை, கூடை, குப்பை, போஸ்டர், மாடு எல்லாம் போய், நிழல் மட்டும் அனாதையாக நிற்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவருக்கு ஒரு இது வரும். எது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

கணவர் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்ப்பார். "வெங்காயம் உரிச்ச கதையாத்தான் முடியும். வெட்டு, வெட்டு. கடைசில ஒண்ணும் இருக்காது" என்பார். ஒருநாள், "சேவ் ஆஸ்னு ஒண்ணு இருக்கு, அதக் குடு. ஒரிஜினல் அப்பிடியே இருக்கும்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். சொன்னதில் முக்கால்வாசி பொய். நான் 'சேவ்' மட்டும்தான் கொடுப்பேன். வெட்டியது குப்பை என்றால், குப்பையை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி.

எனக்கு வேலை கடலூரில். தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புவேன். சிப்காட் ரசாயனக் கம்பெனிகள் பக்கம் வந்ததும் பஸ்ஸே சொல்லிவைத்த மாதிரி முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்தும். நான் மட்டும் ஜன்னலில் கேமராவை நீட்டி, கூடவே ஓடிவருகிற பஸ்ஸின் நிழலை எடுத்துக்கொண்டிருப்பேன். கண்டக்டர் என்னைக் கண்டாலே, "கைய உள்ள வைங்கம்மா" என்று டிக்கெட்டுக்கு முன்னால் அதைத்தான் சொல்வார்.

ஆபீஸ் ஐந்தரைக்கு விடும். எதிரிலேயே பஸ் ஸ்டாப். அதற்குப் பின்னால் வெள்ளையடித்த ஒரு நீளமான மதில் சுவர். ரோடு அந்த இடத்தில் வளைவதால் சாயங்கால வெயில் சுவரின் மேல் குறுக்காக விழும். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரின் நிழலும் சுவரில் ஏறி நிற்கும். எனக்குச் சிதம்பரம் பஸ் வந்தாலும் ஏற மாட்டேன். ஒன்றை விட்டு, இரண்டை விட்டு, வெயில் இறங்கிய பிறகுதான் கிளம்புவேன். வீட்டில் கேட்டால் பஸ் கூட்டம் என்று சொல்லிவிடுவேன்.

ஆபீசில் எனக்கு அடுத்த மேசை ஒரு தம்பியுடையது. கூடப் பிறந்தவர் இல்லை. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வயது. கடலூர் ஓல்டு டவுனில் அம்மாவோடு இருந்தார். நல்ல உயரம், நல்ல வேலை, எறும்புக்குக்கூட வழிவிடுகிற குணம். காது மட்டும் இரண்டு பக்கமும் கதவு திறந்துவைத்த ஜீப் மாதிரி விரிந்து நிற்கும். அதுவரை பன்னிரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. பெண் வீட்டார் யாரும் காதைச் சொல்ல மாட்டார்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்பார்கள். "ஜாதகத்துல காது எந்தக் கட்டத்துலக்கா இருக்கு?" என்று அவரே கேட்டுச் சிரிப்பார். இன்னொரு குறையும் உண்டு. என்னைப் போன்ற அக்காக்களிடம் நன்றாகப் பேசுகிறவர், கல்யாண வயதுப் பெண் யாராவது மேசைக்கு முன்னால் வந்து நின்றால் ஊமையாகிவிடுவார். கேட்ட கேள்விக்குப் பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார்.

என் வாழ்நாளின் சிறந்த படம் 2007 பங்குனியில் கிடைத்தது. சுவரை ஒட்டி ஒரு பெண் பஸ் வருகிற பக்கம் பார்த்து நின்றிருந்தாள். அவள் நிழல் சுவரில் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. தம்பி அவளிடமிருந்து எவ்வளவோ தள்ளி, ரோட்டோரமாக, டிபன் கேரியரும் கையுமாக நின்றிருந்தார். சாய்ந்த வெயிலில் சுவரைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போகப் போக நிழல் சுவரில் கீழே இறங்கிக்கொண்டே வரும். அப்படித் தம்பியின் நெட்டை நிழல் இறங்கி வந்து, அவர் தலை, இரண்டு காதோடும் சேர்த்து, அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். அடுத்த நொடி பஸ் வந்தது. அந்தப் பெண் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கத்தரித்தேன். தம்பியின் முதுகு, டிபன் கேரியர், 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்', குப்பைத்தொட்டி, அதில் தலையை விட்டிருந்த ஆடு, அந்தப் பெண் என்று எல்லாம் போயின. ஒரு தோள், ஒரு தலை, இரண்டு காது, மேலே காரை பெயர்ந்த ஒரு திட்டு, இவ்வளவுதான் மிச்சம். சேவ் கொடுத்தேன். கேமரா கார்டில் இடம் வேண்டுமென்று அதையும் அழித்தேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். வாங்கப் போனால் வெறும் வெள்ளைச் சுவரை நீட்டினார் அந்தப் புண்ணியவான். "ஒரே கருப்படிச்சிருந்துச்சு மேடம். நான் உக்காந்து கிளியர் பண்ணிட்டேன்" என்றார். பாஸ்போர்ட் போட்டோவில் காதுக்குப் பின்னால் விழுகிற நிழலை அழித்து அழித்துப் பழகிய கை. அவரோடு போட்ட சண்டையில் பக்கத்து செல்போன் கடைக்காரர் எழுந்து வந்து சமாதானம் செய்தார். இரண்டாவது தடவை ஒழுங்காக வந்தது. ஃபிரேம் போட்டு, ஆபீசில் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன்.

ஆபீசில் யாரும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. தம்பி மட்டும் அதன் எதிரே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு ஒரு காப்பி போட்டுத் தருவீங்களாக்கா?" என்றார். கலை தெரிந்த ஒரே மனிதர் என்று பூரித்துப்போய், அன்றே இன்னொரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஆவணியில் பதின்மூன்றாவது வரன் வந்தது. மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் தம்பி வழக்கம்போல ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனாலும் பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. காது உட்பட. தம்பியின் அம்மா எனக்கே போன் போட்டு அழுதார், சந்தோஷத்தில். மீதி இருந்தது ஒன்றே ஒன்று, விசாரிப்பு. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் பையன் வேலை பார்க்கிற இடத்துக்கு யாரோ எவரோ மாதிரி வந்து, குடிப்பானா, கடன் உண்டா, வேறு தொடுப்பு உண்டா என்று நைசாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். வருகிறார்கள் என்பது ஆபீசில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு தரப்பும் நடிக்க வேண்டும்.

விசாரிக்க வந்தவர் பெண்ணின் தாய்மாமன். சேத்தியாத்தோப்புக்காரர். ஓய்வுபெற்ற சர்வேயர். தம்பி ரெக்கார்டு ரூமில் போய் ஒளிந்துகொண்டார். சர்வேயர் என் எதிரே உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, "இங்க ஒரு பையன் இருக்காராமே, எப்பிடி?" என்றார்.

நான் கொட்டித் தீர்த்தேன். தங்கம் சார். பாக்குகூடப் போட மாட்டார். லீவு போட்டால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் போடுவார். சர்வேயர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எழுந்துவிட்டார், கும்பிட்டுவிட்டார். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். நான் என் வாயால் இன்னொருத்தரைக் கெடுத்தேன்.

"சார், ஒரு நிமிஷம். என் படத்துல கூட அவர்தான் இருக்கார். இதோ பாருங்க" என்று சுவரைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். "இது அந்தப் பையன் காது" என்றார்.

"கரெக்ட் சார்!" என்றேன் பெருமையாக.

"செரி. தோளு யாருது?"

அந்த ஐந்து மாதத்தில் முதல்முறையாக நான் அந்தப் படத்தை ஒரு சாதாரண மனிதர் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒரு ஆண் ஒரு பெண்ணின் தோளில் தலை சாய்த்துக்கொண்டு நிற்கிறான். வேறு ஒன்றும் அதில் இல்லை. வேறு ஒன்றும் இல்லாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

"அது யாரோ பஸ்ஸுக்கு நின்ன பொண்ணு சார். ரெண்டு பேரும் ரொம்பத் தள்ளித் தள்ளி நின்னாங்க."

"எவ்ளோ தள்ளி?"

"ஒரு ஒம்போது அடி இருக்கும்." வாயில் வந்த எண்ணைச் சொன்னேன்.

"முழுப் படம் எங்க?"

"இல்ல சார். கத்தரிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"அழகுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தி நாலு வருசம் நெலம் அளந்தவன்மா நானு. எல்லக்கல்லப் புடுங்கிப் போட்டுட்டு அழகுக்குப் புடுங்குனேன்னு சொன்ன ஆள நான் பாத்ததே இல்ல" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே தரகர் மூலம் சேதி வந்தது. பேச்சை நிறுத்திவைக்கலாம் என்று. தம்பி என்னிடம் வந்து, "ஏங்க்கா காட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டில் கணவர் கம்ப்யூட்டரைக் குடைந்து ஒரிஜினலைத் தேடினார். கிடைக்கவில்லை. சேவ் ஆஸ் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது. ஒருவருக்குப் பதின்மூன்றாவது தடவையாகக் கிடைத்த வாழ்க்கையை என் பெருமையால் கெடுத்துவிட்டேன் என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

மறுநாள் சர்வேயருக்கு நானே போன் போட்டேன். சத்தியம் செய்தேன், சாமியை இழுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "பேச்சு வேணாம்மா. எடத்தக் காட்டுங்க. நின்னு காட்டுங்க. நான் அளந்துக்கறேன். படம் எப்ப எடுத்தது?" என்றார்.

"பங்குனி இருபது வாக்குல சார்."

போனில் எண்களை முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "நல்லதாப் போச்சு. பங்குனி இருபதுல சூரியன் எங்க எறங்குச்சோ அங்கியேதான் ஆவணி இருவத்தஞ்சுலயும் எறங்கும். அன்னிக்கு வரேன். அத உட்டா பொரட்டாசி பொறந்துரும். அதுக்கப்புறம் இந்த சம்பந்தத்தப் பத்திப் பேசவே வேணாம்."

தம்பியிடம் ஓடினேன். அவர் குதிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போய், "வேணாக்கா. உட்டுடுங்க. எனக்குக் குடுத்துவெக்கல, அவ்ளோதான்" என்றார். எனக்கு வந்ததே கோபம். செய்யாத தப்புக்கு எதற்குப் பயப்பட வேண்டும், ஆம்பிளை இல்லையா என்று அரை மணி நேரம் கத்தினேன். பாவம், தலையாட்டினார்.

ஆவணி இருபத்தைந்தாம் தேதி மூன்று மணிக்கே மேகம் கட்டிக்கொண்டது. ஐந்து மணிக்கு நாலு தூறல். நான் ஃபிரேமைச் சுவரிலிருந்து கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஐந்தரைக்கு சர்வேயர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் இரும்பு டேப், கக்கத்தில் நோட்டு. பின்னாலேயே அந்தப் பெண் இறங்கினாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், விரலில் சாக்பீஸ் தூசி இருந்தது.

"பொண்ணு எடத்துல யாராவது நிக்கணும்ல? ஊரான் வூட்டுப் பொண்ண நிக்க வெக்க முடியுமா? அதான் இட்டாந்தேன்" என்றார் சர்வேயர்.

சுவரில் காரை பெயர்ந்த திட்டு அப்படியே இருந்தது. அதை அடையாளம் வைத்து, படத்தில் இருக்கிற மாதிரி தோள் விழும்படி பெண்ணை நிறுத்தினேன். அதற்குள் வெயில் மேகத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. தம்பியைக் கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தலை பெண்ணின் தோளுக்கு மேலே ஒரு முழம் எழும்பி நின்றது. பின்னால் போகச் சொன்னேன். இடுப்புக்கு இறங்கிவிட்டது. வலப்பக்கம் தள்ளினேன். நிழல் ஓடிப்போய்க் குப்பைத்தொட்டியில் விழுந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் தங்கள் பஸ்ஸை விட்டுவிட்டுச் சுற்றிக் கூடினார்கள். "சாரக் கொஞ்சம் லெப்ட்ல வரச் சொல்லுங்க" என்றார் ஒருவர். "குனிஞ்சா சரியா வரும்" என்றாள் ஒரு பூக்காரி. எதற்காக நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. யோசனை சொல்வதற்கு அது தெரிய வேண்டியதில்லை.

"என்னம்மா, எங்க நிக்க வெச்சாலும் சேர மாட்டேங்குது?" என்றார் சர்வேயர். குரல் மாறிவிட்டிருந்தது. "அப்ப பக்கத்துல நின்னாத்தான் சேரும்போல."

மேற்கே இன்னொரு மேகம் சூரியனை நோக்கி வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் போனால் வெயில் இல்லை, ஒரு வாரம் போனால் புரட்டாசி, அதோடு தம்பியின் கல்யாணமும் இல்லை.

அப்போது தம்பி யாரும் சொல்லாமலே நகர்ந்தார். கம்பத்தைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து, நடைபாதையில் உடைந்திருந்த ஒரு கல்லில் இடது காலை வைத்தார். டிபன் கேரியரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். கழுத்தை ஒரு விரற்கடை சாய்த்தார். சுவரில் அவர் தலை, இரண்டு காதும் குத்திட்டு நிற்க, அந்தப் பெண்ணின் தோளில் போய் உட்கார்ந்தது. ஃபிரேமையும் சுவரையும் பார்த்தால் ஒரு இம்மி வித்தியாசம் இல்லை.

"அளங்க சார்!" என்று நான் அலறினேன்.

சர்வேயர் டேப்பின் ஒரு நுனியைப் பூக்காரியிடம் கொடுத்துப் பெண்ணின் காலடியில் பிடிக்கச் சொல்லி, மறுநுனியை இழுத்துக்கொண்டு போனார். "ஒம்போது அடி ரெண்டு அங்குலம்!" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர் கம்பத்தின் மேல் நோட்டை வைத்துத் திரும்பி நின்று எழுத ஆரம்பித்தார்.

நானும் கைதட்டத்தான் போனேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு நான் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்கு, அவர் சுவரைப் பார்க்காமலே போய் நின்றிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவன் எவனும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பதில்லை. நான் தற்செயலாகப் பிடித்தேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்ட படம் அவர் தினம்தினம் நின்று உண்டாக்கியது. அவர் காப்பி கேட்டது என் கலைக்காக இல்லை. இந்த நிரூபணமெல்லாம் வேண்டாம் என்று அவர் கெஞ்சியதும் கூச்சத்தால் இல்லை. அத்தனை மாதம் அதே ஸ்டாப்பில் கேமராவோடு நின்ற நான், சுவரிலிருந்து கண்ணை எடுத்து அந்த மனிதரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. அவரையும் அந்த ஒன்பது அடியையும் ஆட்டோடும் குப்பைத்தொட்டியோடும் சேர்த்து வெட்டி எறிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பெண்ணும் கழுத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தம்பியைப் பார்த்தாள். "தெனமும் இங்கதான் நிப்பீங்களா?" என்று கேட்டாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது, எனக்குக் கேட்டது, சர்வேயருக்குக் கேட்கவில்லை.

"ம்."

"எத்தினி நாளு?"

"ஏழு மாசம்." பெண்களிடம் துண்டுச் சீட்டில் பேசுகிறவர், அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அவுங்க பேரு?"

"தெரியாதுங்க."

"பேசனதே இல்லியா?"

"இல்லிங்க. அவுங்க ரோட்டத்தான் பாத்துட்டு நிப்பாங்க. செவுத்தத் திரும்பிப் பாத்ததே கெடையாது. சித்திரைக்கு அப்புறம் வரல. வேற ஊருக்குப் போய்ட்டாங்க போல."

அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. ஒரு பொய் சொல்லக்கூடாதா? ஒரே ஒரு பொய், அக்காவுக்காக? அந்தப் பெண் ஒரு வார்த்தை மாமனிடம் சொன்னால் போதும். அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். இந்தத் தடவை தன் தோளில் இருந்த தலையைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு டவுன் பஸ் வந்து நின்று, ஏற ஆளில்லாமல் கிளம்பிப் போயிற்று.

சர்வேயர் எழுதி முடித்து நிமிர்ந்தார். "மாப்ள, அப்பிடியே நில்லுங்க. இன்னொரு தடவ சரி பாத்துக்கறேன்" என்றார். அதுவரை அவர் வாயில் 'அந்தப் பையன்' மட்டும்தான் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பெண்ணின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கிட்ட வாங்க" என்றாள் அவள்.

"மாமா நகரக் கூடாதுன்னு..."

"அவுரு அளந்துட்டுப் போறாரு. நீங்க வாங்க. எனக்கு இவ்ளோ தூரத்துல நின்னு சொன்னா வெளங்காது. எதுவா இருந்தாலும் பக்கத்துல வந்து வாயால சொல்லணும்."

தம்பி உடைந்த கல்லிலிருந்து காலை எடுத்தார். ஓரடி வைத்தார். இன்னொன்று வைத்தார். கேரியர் ஆடிச் சத்தம் போட்டது. சுவரில் அவர் தலை பெண்ணின் தோளை விட்டு மேலே ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பக்கத்தில் போய் நின்று அவர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள்.

"மாப்ள, நகராதீங்கன்னேன்ல!" என்று டேப்பும் கையுமாகச் சர்வேயர் கத்தினார். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.